வைக்கோல் போர், காமாட்சி விளக்கு, மாடிப்படி அடியில் ஸ்கூட்டர்

வீட்டில் தீ வராமல் பார்த்துக்கொள்வது பற்றி இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி 'என்ன வாங்கி வைக்கலாம்' என்றுதான் கேட்கின்றன. பல வருஷம் தீயணைப்பு வண்டியில் போய் வந்தவன் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் வாங்க வேண்டியது அதிகம் இல்லை, இருப்பதை இடம் மாற்றி வைத்தாலே போதும்.

ராத்திரி கேஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா?

கூடவே கூடாது. லைட்டையும் தொடாதீர்கள், எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம், ஏனென்றால் ஸ்விட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னதாக ஒரு பொறி பறக்கும், அது போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், புகை மாதிரி மேலே ஏறாமல் தரையோடு படிந்து பக்கத்து அறை வரைக்கும் போகும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் பண்ணுங்கள். டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், வருஷம் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். கசிகிறதா என்று தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கட்டும், அவ்வளவுதான் சோதனை.

கொல்லையில் சருகு கூட்டி எரிக்கிறோம். வைக்கோல் போர் எவ்வளவு தள்ளி இருக்கணும்?

எரிக்காமல் ஒரு குழி வெட்டி அதில் தள்ளி மட்க விடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். கேட்க மாட்டீர்கள், தெரியும். சரி, எரித்தே தீருவோம் என்றால் ஐம்பது அடியாவது தள்ளி, காற்றில்லாத காலை வேளையில், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரோடு செய்யுங்கள். ஆடிக் காற்றில் அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு ஊரில் காலையில் எரித்து முடித்துவிட்டு எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள், மதியம் காற்று கிளம்பியதும் போர் பற்றிக்கொண்டது, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துக் கொட்டகையும் பாதி போயிருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை, மேலே வெள்ளையாகச் சாம்பல், கிளறினால் உள்ளே கங்கு. தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றினால்தான் அணைந்ததாக அர்த்தம்.

அப்புறம், நெருப்பே வைக்காமலும் போர் எரியும். ஈரம் காயாமல் அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடு ஏறிக்கொண்டே போகும். புளித்த வாடையோ ஆவியோ வந்தால் கடப்பாரையை நடுவில் செருகி, அரை மணி கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் போரைப் பிரிக்காதீர்கள், காற்று உள்ளே போனதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். 101-ஐக் கூப்பிடுங்கள், நாங்கள் குழாயோடு நின்றுகொண்டு பிரிப்போம். மேலே மின்கம்பி போகும் இடத்தில் போர் போடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காமாட்சி விளக்கை இரவெல்லாம் எரிய விடுவது வழக்கம். தப்பா?

வழக்கத்தைக் குறை சொல்லவில்லை, எலியைச் சொல்கிறேன். எண்ணெய் ஊறிய திரி எலிக்குத் தின்பண்டம், எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு துணி அலமாரிக்கு அடியில் ஓடும். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் விளக்கை வையுங்கள், திரைச்சீலையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தூங்கப் போகும்போது குளிர்த்திவிடுவது இன்னும் நல்லது.

மின்சார ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடுகிறோம், இடம் வேறு இல்லை.

வேறு இடம் கண்டுபிடியுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜில் இருந்த மின்சார பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். இந்த பேட்டரி எரிந்தால் முதலில் வருவது விஷப் புகை, உங்கள் வீட்டில் அது ஏறி வருகிற வழியும் நீங்கள் தப்பித்து இறங்க வேண்டிய வழியும் அதே படிதான். வாசலுக்கு வெளியே, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், வண்டியோடு வந்த சார்ஜரால் மட்டும் போடுங்கள். வண்டி ஓட்டிவிட்டு வந்ததும் பேட்டரி சூடாக இருக்கும், ஆறட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 15 ஆம்ப் பிளக் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால்?

அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, தொடாமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடாதீர்கள், நான் பார்த்த கைத் தீக்காயங்களில் பல அப்படி ஓடினவர்களுடையது.

வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்?

ஏபிசி பவுடர், அதாவது விறகு துணி, எண்ணெய், கேஸ் என்று மூன்று வகைத் தீக்கும் ஆகிற பவுடர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், தீ அங்கே இருக்கும்போது அதைத் தாண்டிக் கை நீட்டியா எடுப்பீர்கள்? சமையலறைக்கு வெளியே, கதவோரமாக மாட்டுங்கள்.