கருப்புத் திரை தனியா வேணுமா? கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, கோட் எழுதுற விஎஸ் கோட் எடிட்டர் உள்ளேயே டெர்மினல் (கட்டளை தட்டுற கருப்புத் திரை) இருக்கே. எதுக்குத் தனியா ஒன்னு?

பதில்: ரெண்டு கட்டளை தட்டி மூடுற வேலைக்குத் தேவையே இல்லை தம்பி. சர்வர், டெஸ்ட், லாக் மூணும் சேர்ந்து ஓடும்போதுதான் அடியில இருக்கிற அந்தக் குட்டிப் பெட்டி பத்தாது. விஎஸ் கோட்டை மூடினா உள்ளே ஓடுற சர்வரும் நின்னுடும். கீபோர்டு சாவிக்கும் சண்டை: பாஷ்ல (கட்டளையை வாங்கி ஓட்டுற ஷெல்) கண்ட்ரோல்+இ வரிக் கடைசிக்குப் போகணும், விண்டோஸ்ல விஎஸ் கோட் அதைப் பிடுங்கிக்கிட்டு கோப்பு தேடுற பெட்டியைத் திறக்கும். செட்டிங்ஸ்ல மாத்தலாம், ஆனா ஒவ்வொரு சாவிக்கும் யார் மல்லுக்கட்டுறது?

பங்சார்: எல்ஆர்டி ரயில்ல வரும்போது ஹாட்ஸ்பாட் போட்டு, எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள்ள நுழையுற வழி) வழியா டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற வேலை) ஓட்டினேன். பாசார் செனி தாண்டி சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சதும் லைன் கட். மைக்ரேஷனும் பாதியில நின்னுடுச்சு.

பதில்: ஓடுற ரயில்ல மைக்ரேஷனாம்மா! நெஞ்சழுத்தம்தான். இணைப்பு அறுந்தா சர்வர்ல உங்க ஷெல்லுக்கு ஹேங்-அப் சிக்னல் போகும். அதுக்குக் கீழே ஓடுறதும் சேர்ந்து சாகும். லைன் போனாலும் திரையை உயிரோட வச்சிருக்கிற டிமக்ஸ் (tmux) போடுங்க. லேப்டாப்ல இல்லை, சர்வர்ல. இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க. உள்ளே நுழைஞ்சதும் ‘டிமக்ஸ்’னு தட்டி, அதுக்குள்ள வேலையைத் தொடங்குங்க. வெளியே வர கண்ட்ரோல்+பி, கையை எடுத்துட்டு டி (D). பினாங்கு பி இல்லை, பட்டர்வொர்த் பி. லைன் தானா அறுந்தாலும் வேலை நிக்காது. மறுபடி நுழைஞ்சு ‘டிமக்ஸ் அட்டாச்’ தட்டினா, ஓடிக்கிட்டிருக்கிற திரை அப்படியே வரும்.

பாயான் லெப்பாஸ்: கம்பெனி லேப்டாப், விண்டோஸ் 11. புதுசா எதுவும் ஏத்த விடமாட்டாங்க.

பதில்: விண்டோஸ் டெர்மினல் அதிலேயே இருக்கு, அது தாராளம். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸ் உள்ளேயே லினக்ஸ் ஓட்டுற வசதி) இருந்தா ஒன்னு கவனிங்க: புராஜெக்ட்டை சி டிரைவ்ல வச்சுக்கிட்டு லினக்ஸ் பக்கமிருந்து தொட்டா என்ன மாறியிருக்குன்னு காட்டுற ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளைகூட இழுக்கும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு மாத்துங்க.

ஜெலுத்தோங்: டெர்மினல்ல தமிழ்க் கோப்பைத் திறந்தா கொம்பும் காலும் தனித்தனியா நிக்குது. கோப்பு கெட்டுப்போச்சா?

பதில்: இல்லைங்க. டெர்மினல் எழுத்தைச் சம அகலக் கட்டத்துல அடுக்கும். ‘கொ’வுல கொம்பு முன்னால, கால் பின்னால வரணும், அந்தக் கட்டக் கணக்குக்குள்ள பல டெர்மினல்களுக்கு அது வராது. எடிட்டர்ல திறந்து பாருங்க, சரியா இருக்கும்.

கிள்ளான்: எந்த டெர்மினல் போடலாம், அலாக்ரிட்டியா, கிட்டியா, கோஸ்ட்டியா?

பதில்: எதுவானாலும் சரி. லினக்ஸ்ல அலாக்ரிட்டிக்கு டேப் கிடையாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க.