கே2 மலையின் 'பாட்டில்நெக்' என்றால் என்ன? ஏன் அவ்வளவு ஆபத்து?

பாகிஸ்தான்–சீன எல்லையில் உள்ள கே2 (8,611 மீட்டர்) உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 8,200 மீட்டரில் பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் குறுகிய பனிச் சந்துதான் பாட்டில்நெக். வழக்கமான பாதையில் போகிறவர்கள் இதற்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

சிக்கல் அந்தச் சந்துக்குள் இருப்பதைவிடத் தலைக்கு மேலேதான் அதிகம். அங்கே பெரிய பனிக்கட்டிச் சுவர் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. பனியாறு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் விளிம்பு எப்போது வேண்டுமானாலும் உடையலாம். இடியப்போகும் பால்கனிக்குக் கீழே வரிசையில் நிற்பது மாதிரி. அதுவும் மூச்சுத் திணறலோடு. 2008 ஆகஸ்ட்டில் அப்படி உடைந்த பனி கயிறுகளை அறுத்துப்போட, மேலே இருந்தவர்கள் இறங்க வழியின்றித் தவித்தார்கள். அந்த விபத்தில் இறந்தவர்கள் 11 பேர்.

அப்புறம், அந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கும் அதே 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். அதனால்தான் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து மூச்சுத் திணறுகிறது.