சுரம் எழுதும் மென்பொருளுக்கு ஒரு பதிவு

வணக்கம் சேர்,

நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும்போது சுரக்குறிப்பு எழுதிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. வேர்டில் ஸ்தாயிப் புள்ளி வைக்கப் போனால் வரி முழுக்கக் குழம்பிவிடும். பதுளையில் ஒரு தம்பி இதற்கென்றே ஒரு மென்பொருள் செய்திருக்கிறார். தமிழிலேயே தட்டலாம், தாளக் கோடு தானாக விழும், தப்பு மேளத்தின் சொற்கட்டும் எழுதலாம். இலவசம். அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாமென்று அங்குள்ள பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் ஒரு வரைவு போட்டேன். அங்கே எழுதிப் பழகிய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதை எத்தனை பேர் பாவிக்கிறார்கள்? நிற்காது, விடுங்கள்" என்றார். மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ் போன்ற இசைக்குறிப்பு மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பக்கம் இருக்கிறது. பெயரே கேள்விப்படாத சின்ன மென்பொருள்களுக்கும் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளை செய்தால் மட்டும் தகுதி பார்ப்பதா? ஆதாரமாக அவருடைய இணையத்தளம், முகநூல் பக்கம், யூடியூப் விளக்கம், தரவிறக்கப் பக்கம், கொழும்புப் பத்திரிகைச் செய்தி ஒன்று, எல்லாம் இணைத்திருக்கிறேன். போடலாமா, வேண்டாமா? மியூஸ்ஸ்கோரைப் பற்றியாவது எழுதட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

இப்போதைக்குப் போட வேண்டாம். உங்கள் நண்பர் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் பிழை.

எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. பத்துப் பேர் பாவிக்கும் மென்பொருளுக்கும் பக்கம் இருக்கலாம், பத்தாயிரம் பேர் பாவிப்பதற்கு இல்லாமலும் போகலாம். நல்ல மென்பொருளா, இலவசமா, தேவையானதா என்பதும் கேள்வியில்லை. செய்தவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் சம்பந்தமில்லாத யாராவது, நம்பத்தகுந்த இடத்தில், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். கலைக்களஞ்சியம் தானாக எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. பிறர் எழுதி வைத்ததைத் தொகுக்கிறது. பிறர் எழுதாவிட்டால் தொகுக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இணையத்தளம், முகநூல், யூடியூப் மூன்றும் தம்பியின் சொந்தக் குரல். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையின் தாயிடமே விசாரிக்கிற மாதிரி. மென்பொருள் எந்த ஆண்டு வந்தது, எந்தக் கணினியில் ஓடும் என்பன போன்ற விவரங்களுக்கு அவை உதவும், தகுதியைக் காட்ட உதவாது. தரவிறக்கப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் ஏற்றலாம், அதிலுள்ள நட்சத்திரங்களும் கணக்கில் வரா.

மிஞ்சுவது பத்திரிகைச் செய்தி. அது நல்ல சான்றுதான், சந்தேகமில்லை. தம்பிக்கு வேண்டியவர்கள் எழுதியதாகவும் தெரியவில்லை. ஆனால் செய்தி ஒரு பரிசளிப்பு விழாவைப் பற்றியது. யார் தலைமை, யார் விளக்கேற்றினார், யார் நன்றியுரை என்று இரண்டு பத்தி போன பிறகு, "இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளையும் இவர் உருவாக்கியுள்ளார்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து ஒரு பக்கம் எழுத முடியாது. எழுதினால் மிச்சத்தை முழுக்க அவருடைய இணையத்தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். உங்கள் வரைவில் நடந்திருப்பதும் அதுதானே?

நீங்கள் பெயர் சொன்ன பெரியவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பாருங்கள். சிபேலியஸ் 1993இல் ஏகோர்ன் கணினிக்கு வந்தது. பென் ஃபின், ஜொனதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் எழுதியது. ஏகோர்ன் பிரித்தானியாவுக்கு வெளியே பலர் கண்ணிலேயே படாத கணினி. 2006இல் அவிட் நிறுவனம் சிபேலியஸை வாங்கி, 2012இல் அதன் லண்டன் அலுவலகத்தை மூடியபோது இசையமைப்பாளர்கள் மத்தியில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. வெளியேறிய குழுவை ஸ்டைன்பேர்க் என்ற இன்னொரு நிறுவனம் வேலைக்கு எடுத்தது, அவர்கள் 2016இல் டோரிக்கோ என்ற புதிய இசைக்குறிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் அந்தந்த நேரத்தில் வெளியாட்கள் எழுதினார்கள். இசைச் சஞ்சிகைகள் ஒவ்வொரு பதிப்பையும் பிரித்து மேய்ந்து மதிப்புரை போட்டன. பக்கம் எழுதுகிறவருக்குச் சான்றுகளில் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. 1988இல் வந்த ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று 2024 ஆகஸ்ட்டில் அதன் நிறுவனமே அறிவித்துவிட்டது. அதற்காக யாரும் அதன் பக்கத்தை நீக்கமாட்டார்கள். ஒருமுறை கிடைத்த தகுதி பிறகு போகாது.

லில்லிபாண்ட் விடயம் இன்னும் சுவையானது. ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நீவென்ஹாய்சன் இருவரும் 1996இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். சுரத்தை எழுத்தாகத் தட்டினால் அழகான தாளாக அச்சிட்டுத் தரும். அதைப் பற்றி அவர்களே 2003இல் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார்கள். கருத்தரங்குக் கட்டுரை என்றதும் கனமான சான்று என்று தோன்றும். ஆனால் எழுதியவர்கள் செய்தவர்களே என்பதால், தகுதிக்கு அது செல்லாது. பிறர் எழுதியதுதான் செல்லும், லில்லிபாண்டுக்கு அதுவும் நிறைய உண்டு. இன்னொன்று: விக்கிப்பீடியாக் கட்டுரைக்குள் இசைக்குறிப்பு போடும் வசதி 2013இல் வந்தது, அதை உள்ளே இருந்து வரைந்து தருவதே லில்லிபாண்ட்தான். கலைக்களஞ்சியமே தினமும் பாவிக்கிறது, ஆனாலும் பாவிக்கிறோம் என்பதற்காக அதற்குப் பக்கம் கொடுக்கவில்லை. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"அதைவிடச் சின்னதற்கும் இருக்கிறதே" என்ற வாதம் அங்கே எடுபடாது. சான்றில்லாத பக்கம் ஒன்று கண்ணில் படாமல் தப்பியிருந்தால், அதைக் காட்டி இன்னொன்றை உள்ளே விடச் சொல்ல முடியாது. அதிகம் போனால் இரண்டும் போகும். கட்டற்ற மென்பொருளுக்கு மட்டும் சற்று இளகிய சான்றுகளையும் ஏற்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓர் ஆலோசனைக் கட்டுரை உண்டு. அது விதியல்ல. தம்பி தன் மூல நிரலைத் திறந்து வைத்திருந்தாலும் அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன்.

மலையகம் என்பதால்தான் தகுதி பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபத்தில் பாதி நியாயம். எங்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு, எழுதப்பட்டதில் அச்சேறியது அதைவிடக் குறைவு. பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு எந்த அடியில் விழுந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? ஆனால் அந்தக் குறையைக் கலைக்களஞ்சியத்தின் வாசலில் போய் முறையிட்டுப் பயனில்லை, அது கடைசியாக வருகிற இடம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அதனால் இன்று ஒருவர் அந்தப் பாடல்களைப் பற்றிச் சான்றோடு எழுத முடிகிறது. மலையகத்தில் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றியும் நூல்களும் ஆய்வுகளும் இருக்கின்றன. சான்று இணையத்தில்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை, அச்சுச் சஞ்சிகை போதும். 2005 முதல் நூலகம் வலைத்தளம் ஈழத்துப் பழைய இதழ்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது. அங்கே ஒருநாள் உட்கார்ந்தால் மலையகத்தைப் பற்றி எழுதப்படாத பல பக்கங்களுக்குச் சரக்குக் கிடைக்கும். வாய்ப்பாட்டும் தப்பும் தெரிந்த உங்களைப் போன்ற ஒருவர் அங்கே உட்காரவேண்டும் என்பது என் ஆசை.

மென்பொருளுக்கு வருகிறேன். தம்பி கை வைத்திருப்பது உண்மையான பிரச்சினையில். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி வைத்துக் கீர்த்தனைகளை அச்சிட்டார். மேலைத்தேய ஐந்து கோட்டு இசைக்குறிப்புக்காகச் செய்த மென்பொருள்களில் அந்தக் குறிகளுக்கு இடம் தேடுவது பெரும்பாடு. தமிழ் எழுத்தில் சுரமும் தப்புச் சொற்கட்டும் ஒரே தாளில் வருகிறது என்றால் அதைப் பற்றி ஒரு சங்கீத விரிவுரையாளர் எழுதவேண்டும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு மென்பொருளை அனுப்பி, பாவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகழச் சொல்லிக் கேட்காதீர்கள், குறை சொன்னாலும் அது சான்றுதான். நீங்களும் எழுதலாம், ஞாயிறு இதழ்களுக்குப் பொருத்தமான விடயம். ஆனால் உங்கள் கட்டுரையை நீங்களே மேற்கோள் காட்டிப் பக்கம் தொடங்கினால் சரியாக இராது, அதை வேறொருவர் செய்யட்டும். இப்படி இரண்டு மூன்று விரிவான கட்டுரைகள், வெவ்வேறு ஆட்கள் எழுதியவை, சேர்ந்த பிறகு உங்கள் வரைவை எடுங்கள். அதுவரை அதைக் கணினியில் பத்திரப்படுத்தி வையுங்கள், விவரங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

மியூஸ்ஸ்கோரைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். தமிழில் ஏற்கெனவே பக்கம் இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள், இருந்தால் அதை விரியுங்கள். 2002இல் வேர்னர் ஷ்வேயர் மியூஸ் என்ற வேறொரு மென்பொருளிலிருந்து சுரம் எழுதும் பகுதியைப் பிரித்தெடுத்ததில் அதன் கதை தொடங்குகிறது. அதற்கு மேல் வெளியார் எழுதியதே உங்களுக்குப் போதும் போதும் என்று கிடைக்கும். மொழிபெயர்க்கும்போது ஆங்கிலப் பக்கத்தின் மேற்கோள்களை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொன்றையும் திறந்து படித்துவிட்டுப் போடுங்கள்.

தம்பியிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: அவசரப்பட்டுத் தன் மென்பொருளுக்குத் தானே பக்கம் தொடங்கிவிட வேண்டாம். ஏதாவது பிழையான தகவல் வந்தால் உரையாடல் பக்கத்தில், தான் யார் என்று சொல்லிவிட்டு, திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.