வெயிலில் தொய்ந்த இறக்கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

விமான மாதிரிகள் பற்றிய உங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு ஒரு ட்ரெய்னர் (ஓட்டப் பழகுவதற்கான விமானம்) கட்டினேன். பால்சா என்ற லேசான மரத்தில் இறக்கை, ஒன்றரை மீட்டர் நீளம். அதன் மேல் அடர்நீல ஓராகவர் ஃபிலிம் (சூட்டில் ஒட்டிச் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) ஒட்டினேன். வீட்டில் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. மைதானத்தில் அரை மணி நேரம் வெயில் பட்டதும் ரிப்புகளுக்கு (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்) நடுவே தொய்ந்துவிட்டது. முன்பகுதியில் பால்சா ஷீட் போட்ட இடமெல்லாம் கொப்புளம். நுனி வளைவில் மடிப்பு போகவே மாட்டேன் என்கிறது. இடது இறக்கை லேசாக முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ‘காட்டன்’ அளவு வைத்துத்தான் ஒட்டினேன். எங்கே தவறு?

கே.எஸ்., கோவை

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ‘காட்டன்’ அளவில் இருந்தே வருகின்றன. அந்த நிலையில் இஸ்திரிப் பெட்டி 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஓராகவரின் பசை 100 டிகிரி வாக்கிலேயே இளகிப் பிடிக்கும். ஃபிலிம் நன்றாகச் சுருங்குவது 150-ஐ நெருங்கும்போதுதான். இடையில் இருக்கும் இந்த 50 டிகிரிதான் நாம் வேலை செய்யும் இடம். நீங்கள் 200-ல் வைத்ததால் பசை பிடிப்பதற்கு முன்பே ஃபிலிம் சுருங்கிவிட்டது. எந்த ஃபிலிமும் ஓர் அளவுக்கு மேல் சுருங்காது. விளிம்பு ஒட்டும்போதே அதைச் செலவழித்துவிட்டால், பிறகு தொய்வை எடுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

டயலில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஃபிலிம் ஒட்டவென்றே வரும் சிறிய அயர்ன்களிலும் அது உத்தேசம்தான். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராகக் காட்டினால் குறைத்துச் சொல்லும். அடித்தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டிப் பாருங்கள். கருவி இல்லையென்றால், கழிவுப் பால்சாவில் விரலளவு ஃபிலிமை வைத்து டயலைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஓரம் சுருளாமல், நகத்தால் இழுத்தாலும் வராத அளவுக்கு எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு. மொனோகோட் என்ற வேறு ஃபிலிம் வாங்கினால் இந்தக் கோடு மாறும். அது ஒட்டவே 135 டிகிரி, சுருங்க 175 கேட்கும். நீராவித் துளையுள்ள பெரிய பெட்டியை ஓரம் கட்டிவிட்டு, சிறிய ஃபிலிம் அயர்ன் ஒன்றை வாங்கி அடித்தட்டுக்குப் பருத்தி உறை மாட்டிக்கொள்ளுங்கள். கீறல் விழாது.

இனி கொப்புளம். சூடு அதிகமானால் ஷீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஃபிலிமைத் தூக்கும். ஆனால் அதைவிடப் பெரிய குற்றவாளி தூசு. 220 உப்புத்தாளில் தொடங்கி 400-ல் முடித்த பிறகு வேக்குவம் போட்டு, பிசுபிசுப்புத் துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் பசை மரத்தைப் பிடிக்காமல் பால்சா மாவைப் பிடித்துக்கொள்ளும். சயனோ பசை (சூப்பர் குளூ) வழிந்து இறுகிய இடங்களைத் தேய்த்து எடுங்கள். அங்கே ஃபிலிம் நிற்காது. ஷீட்டின் மேல் முதலில் விளிம்பை ஒட்டிவிட்டு உள்ளே வந்தால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மைச் சட்டம்) கோட்டில் ஆரம்பித்து முன்விளிம்பை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள், 110 – 120 டிகிரியில். அயர்ன் நகர்ந்த இடத்தை மறு கையில் இருக்கும் மடித்த துணியால் உடனே அழுத்தி, ஆறும் வரை பிடியுங்கள். இது உருகிப் பிடிக்கும் பசை. ஆறும்போதுதான் அதற்குப் பலம். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான். ஏற்கெனவே எழும்பியிருக்கும் கொப்புளங்களில் மெல்லிய குண்டூசியால் ஒரு குத்து, குறைந்த சூடு, துணி.

அடுத்த முறை வெட்டும்போது: ஒரு பக்க இறக்கை 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் என்றால் துண்டு 80 × 30. ஓராகவர் ரோல் 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம்; இரண்டு இரண்டாக வைத்தால் நான்கு துண்டும் 160 செ.மீ.-க்குள் அடங்கி, ஏலரானுக்கும் (பின்விளிம்பில் அசையும் மடல்) மிஞ்சும். முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். மேல் ஃபிலிம் முன்விளிம்பைச் சுற்றிக் கீழே வந்து 5 மி.மீ. ஏறி உட்கார வேண்டும். இணைப்பு கண்ணுக்கும் தெரியாது, எதிர்க்காற்று தூக்கவும் தூக்காது. அடர்நிறத்தின் மேல் வெள்ளை ஏறினால் நிழல் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்தாளை உரித்து, வேர்ப்பக்கத்தின் (விமான உடலோடு சேரும் பக்கம்) நடுவில் ஒரு புள்ளி ஒட்டுங்கள். கையால் மெல்ல இழுத்து, நுனியின் நடுவில் ஒன்று. பிறகு முன்விளிம்பு, பின்விளிம்பு, எப்போதும் எதிரெதிராக. புள்ளிகளுக்கு இடையே சின்னச் சின்னச் சுருக்கம் இருந்தால் இருக்கட்டும், அவை பிறகு போய்விடும். விரல் நுழையும் அளவுக்கு மடிப்பு இருந்தால் மட்டும் அந்தப் புள்ளியைச் சூடாக்கி விடுவித்து, மறுபடி இழுத்து ஒட்டுங்கள். நான்கு விளிம்பும் முழுக்க ஒட்டி முடியும் வரை ஹீட் கன்னை (சூடான காற்று வீசும் கருவி) தொடவே கூடாது.

நுனி வளைவில் மடிப்பு நிற்கக் காரணம், பிடித்து இழுக்க ஃபிலிம் விடாமல் நறுக்கியது. 3 செ.மீ. மிச்சம் விடுங்கள். கையுறை போட்டு ஓரத்தைப் பிடித்து, ஹீட் கன்னை ஒரு வினாடி காட்டி, இளகும்போதே வெளியே, கீழே என்று இழுத்து வளைவில் படிய வையுங்கள். முதலில் நடு, பிறகு இருபுறமும் பாதி, அதில் பாதி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயின்ட் உரிக்கும் கன் 500 டிகிரியைத் தாண்டும். நொடியில் ஓட்டை விழும். அதுதான் இருக்கிறது என்றால் குறைந்த நிலையில், 15 செ.மீ. தள்ளி, நிறுத்தாமல் வீசுங்கள்.

வெயிலில் தொய்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அடர்நீலம் வெயிலில் நன்றாகச் சூடேறும், சரியாக ஒட்டாத விளிம்பு நழுவும். ரிப்புகளில் காற்றுத்துளை இல்லையென்றால் அவற்றுக்கு இடையே உள்ள ஒவ்வொரு அறையும் மூடிய பெட்டி. உள்ளே விரியும் காற்று ஃபிலிமை உப்ப வைத்து, ஆறியதும் தொய்வாக விட்டுவிடும். அடிப்பக்கம் ஒவ்வோர் அறையிலும் ரிப்பை ஒட்டி ஒரு குண்டூசித் துளை போடுங்கள். விளிம்புகளை 120-ல் ஒரு சுற்று மறுபடி அழுத்திய பின், ஷீட் போடாத திறந்த அறைகளை மட்டும் 150-ல் இறுக்கிப் பாருங்கள். சுருங்க மறுத்தால் அந்தத் துண்டை உரித்துப் புதிதாகப் போடுவதே நல்லது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் கிழியும்.

முறுக்கம், மேல்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் இறுக்கியதால் வந்தது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை என்று மாறி மாறிப் போக வேண்டும். இப்போது திருத்த இன்னொருவர் துணை தேவை. அவர் இறக்கையை எதிர்த் திசையில், நேராவதற்கும் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடிக்கட்டும். ஃபிலிமில் குறுக்காகச் சுருக்கம் ஓடும். அது மறையும் வரை இருபுறமும் சூடு காட்டி, ஆறும் வரை கையை எடுக்காமல் இருங்கள். பிறகு தட்டையான மேசையில் கிடத்தி, பின்விளிம்பு வேரிலும் நுனியிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் 2 மி.மீ. உயர்ந்திருந்தால் நல்லதுதான், மெதுவாகப் பறக்கும்போது நுனி திடீரென்று விழாது. ஆனால் வலது இறக்கையிலும் அதே 2 மி.மீ. இருக்க வேண்டும்.