ஆரஞ்சு விற்கும் கிழவி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலெக்ஸாண்டர் கியெரிம்ஸ்கியின் 'ஆரஞ்சுகளுடன் யூதப் பெண்' (1880-81) ஓவியத்தை இணையத்தில் பார்த்தேன். அந்தக் கிழவியின் உதடுகள் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. யான் மத்தேய்கோ 1878-ல், போலந்து 1410-ல் வென்ற கிருன்வால்ட் போரை வரைந்து மக்களுக்கு நம்பிக்கை தந்தார். கியெரிம்ஸ்கி ஏன் ஒரு தெரு வியாபாரியை, அதுவும் ஒரு யூதப் பெண்ணை வரைந்தார்? ஆரஞ்சு எதற்காவது குறியீடா? ஓவியம் பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

எஸ்

அன்புள்ள எஸ்,

இந்த இரண்டு ஓவியங்களையும் சேர்த்துத்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

உதடுகளைக் கவனித்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பார்க்கத் தெரிகிறது. அப்புறம் ஏன் குறியீடு தேடிப் போகிறீர்கள்? அவள் ஆரஞ்சு விற்கிறாள், கூடையில் ஆரஞ்சு இருக்கிறது. அந்தச் சாம்பல் நிற ஊருக்கு நடுவே ஓவியருக்கு ஒரு வெம்மையான நிறம் கிடைத்தது. அவ்வளவுதான்.

'அதுவும் ஒரு யூதப் பெண்ணை' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போலந்தின் தலைநகரான வார்சாவில் அன்று ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். கியெரிம்ஸ்கி அந்த ஊரில் பிறந்தவர். ம்யூனிக்கில் படித்து, ரோமில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர், விஸ்துலா ஆற்றங்கரையில் ஏழைகள் வாழ்ந்த பொவிஷ்லே பகுதிக்குப் போனார். யூதர்கள் புத்தாண்டு நாளில் ஆற்றங்கரையில் நின்று பிரார்த்திப்பதை 1884-ல் வரைந்தார். தன் ஊரில் யார் இருந்தார்களோ அவர்களை வரைந்தார். அது எப்படி நாட்டை மறந்ததாகும்? மன்னரும் குதிரையும் வாளும் இருந்தால்தான் நாடா? சந்தில் கூடை சுமந்து நிற்பவள் வேறு நாட்டுக்காரியா?

மத்தேய்கோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ பத்து மீட்டர் அகலமுள்ள அவருடைய ஓவியத்தை நாஜிகள் பெரும் பரிசு அறிவித்துத் தேடினார்கள். போலந்துக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து அதை லூப்ளின் அருகே ஒளித்துக் காத்தார்கள். கிழவியின் படம் 65 செ.மீ. உயரம்தான். அது இரண்டாம் உலகப் போரில் களவு போனது. 2010-ல் ஹாம்பர்க் அருகே ஒரு ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2011-ல் வார்சா தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. கிருன்வால்ட் ஓவியமும் அங்கேதான் இருக்கிறது.

படம் திரும்பியது. 1942 கோடையில் மட்டும் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவளுடைய பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்த மக்களில் ஒருத்தி குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு எப்படி நின்றாள், அவள் கண்கள் எவ்வளவு களைத்திருந்தன என்று, யாரும் கேட்காமலேயே ஒருவர் வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைவிட ஒரு ஓவியர் தன் நாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். புத்தகம் எதுவும் இப்போது வேண்டாம். அதே படத்தைப் பெரிதாக்கி அவள் கைகளைப் பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். என்ன அர்த்தம் என்று எழுதாதீர்கள்.