தங்கை தானே எழுதிய அசைன்மென்ட்டை ஏஐ எழுதியது என்கிறது டிடெக்டர். நம்பலாமா?

மதுரையில் பி.காம் படிக்கும் தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அவள் எழுதியதில் 82 சதவீதம் ஏஐ எழுதியது என்று டிடெக்டர், அதாவது ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள், காட்டியிருக்கிறது. அந்த 82 சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

டிடெக்டர் கையும் களவுமாக எதையும் பிடிப்பதில்லை. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறது. ஊகித்தபடியே வந்தால் ஏஐ என்று சொல்லிவிடும். நம் பிள்ளைகள் கோனார் நோட்ஸ் காலத்திலிருந்தே 'மோர்ஓவர்', 'இன் கன்க்ளூஷன்' என்று அளந்து வைத்த ஆங்கிலம் எழுதுகிறவர்கள். மாட்டாமல் இருப்பார்களா?

2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை 7 டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று வந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ அதே ஆண்டு ஜனவரியில் விட்ட டிடெக்டர், ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தது; மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. 60 பேர் வகுப்பில் எல்லோரும் சொந்தமாக எழுதினாலும் ஐந்து பேர் தலை உருளும். துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள்.

நானும் சோதித்தேன். 2014இல் திருமலை நாயக்கர் மஹால் பற்றி நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, பாதிக்கு மேல் ஏஐயாம்! சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்தி பத்தியாக வளர்ந்தது தெரியும். ரஃப் நோட்டையும் எடுத்துப் போகட்டும். "மேடம், இதிலிருந்து எது வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்" என்று அவளே முந்திக்கொள்வது இன்னும் நல்லது.