அரிசிக் கோலத்துக்கு எத்தனை நாள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசாரிப்புதான்: வேலைக்குப் போகாமல் படம் வரைந்தே பிழைக்க முடியுமா? நான் 29 வருடமாக அப்படித்தான் பிழைக்கிறேன். அப்பா மலேசியாவில் பினாங்கின் லெபோ பசார் தெருவில் கடைப் பலகை எழுதியவர். கணினியில் வெட்டுகிற ஸ்டிக்கர் எழுத்து வந்த பிறகு இரண்டே வருடத்தில் அவர் தூரிகை காய்ந்துபோனது. அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் என் பதிலில் கலையைவிடக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை, சம்பளம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). இரவில் நீர்வண்ணத்தில் உருவப்படம் வரைகிறேன். போன வருடம் 14 படம் விற்றேன், ஒன்று 180 வெள்ளி. மனைவிக்கு ஆறு மாதம். வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், செந்தூல்

தம்பி, முதலில் பிள்ளை பிறக்கட்டும்.

நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்வோம். 14 படத்துக்கு 2,520 வெள்ளி. வருடம் முழுக்கத் தூக்கம் கெட்டு வரைந்தும் ஒரு மாதச் சம்பளத்தை எட்டவில்லை. இதில் உங்கள் கையில் குறை இல்லை, விலையில்தான் குறை. ஒரு படத்துக்கு நாலு இரவு, இரவுக்கு மூன்று மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 12 மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் 'மூக்கை கொஞ்சம் சின்னதாக்க முடியுமா' என்று கேட்டவருக்குப் பதில் சொன்ன நேரம் சேர்ந்திருக்காது. அட்டை வாங்கப் போனது, சுருட்டிக் கட்டியது, பொட்டலம் கொண்டுபோகிற லாலாமூவ்காரருக்காகக் கீழே காத்து நின்றது, எதுவும் சேர்ந்திருக்காது.

என் சமையலறையில் குதிரைக் காலண்டர் தொங்குகிறது. அதில் வரைந்த நாளுக்குச் சிவப்பு வட்டம். அளவெடுக்க, விலை சொல்ல, காசு கேட்டு அலைய என்று போன நாளுக்கு நீல வட்டம். போன மாதம் வேலை பார்த்த நாள் 23, அதில் சிவப்பு 11தான். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் இதுதான் நிலவரம். சொந்தத் தொழில் செய்கிற ஓவியர் மாதம் முழுக்க வரைந்துகொண்டே இருப்பார் என்று நினைத்துத்தான் பலர் வேலையை விடுகிறார்கள். பாதி நாள் நாம் குமாஸ்தா.

இப்போது உங்கள் 3,200ஐ 11ஆல் வகுங்கள். ஒரு சிவப்பு நாள் ஏறத்தாழ 290 வெள்ளி கொண்டுவர வேண்டும். உங்கள் படம் ஒன்றுக்கு 12 மணி நேரம், அதாவது ஒன்றரைச் சிவப்பு நாள். அப்படியானால் 435, தாளும் கட்டும் சேர்த்து 450. அந்த விலை சொன்னால் 14 பேரில் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். மீதி 7 பேர் நின்றால் 3,150 வெள்ளி. பாதி வேலை, போன வருடத்தைவிடக் கூடுதல் காசு. வேலையில் இருந்துகொண்டே ஒரு வருடம் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுங்கிய பிறகு மறுபடி எழுதுங்கள்.

இன்னொன்று. இப்போது உங்கள் முதலாளி சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது மாதம் 416 வெள்ளி போடுகிறார். வேலையை விட்ட அன்றே அது நின்றுபோகும். நம் மாதிரி ஆட்களுக்கு 'ஐ-சாரான்' என்று ஒரு வழி இருக்கிறது. நாமாகச் சேமநிதியில் போட்டால், 2025 முதல் அரசாங்கம் அதற்கு 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது, வருடத்துக்கு உச்சம் 500 வெள்ளி. வருடம் 2,500 போட்டால் அந்த 500 முழுசாகக் கிடைக்கும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிலும் சுயதொழில் திட்டம் உண்டு, கலைத்துறையும் அதில் வருகிறது, மாதம் 13.10 வெள்ளியிலிருந்து கட்டலாம். 2011இல் ஒரு மண்டபத்துச் சுவரில் மயில் வரையும்போது சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஏழு வாரம் ஒரு சென் வருமானம் இல்லை. அப்போது நமக்கு அந்தத் திட்டமும் இல்லை. 13 வெள்ளியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பேரங்காடி ஒன்றில் தீபாவளிக்கு 20 அடி அகல அரிசிக் கோலம் போடக் கேட்கிறார்கள். 800 வெள்ளி தருவார்களாம், 'உங்களுக்கு நல்ல விளம்பரம்' என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா, அக்கா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

வேண்டாம், தங்கச்சி. ஏன் என்று சொல்கிறேன், அவர்களிடமும் இப்படியே சொல்லுங்கள்.

20 அடி வட்டம் என்றால் 314 சதுர அடி. தரை தெரியாமல் அரிசி நிற்க நாலு மில்லிமீட்டர் கனமாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் 90 கிலோவுக்கு மேல் போகும், 100 கிலோ என்றே வையுங்கள். கட்டுப்பாட்டு விலை உள்ளூர் அரிசி கிலோ 2.60, அதுவே 260 வெள்ளி. பிறகு சாயம் ஏற்ற வேண்டும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, வண்ணத்தை அளவான தண்ணீரில் கரைத்து, கையால் பிசறி, நாளிதழ் விரித்துக் காற்றாடிக்குக் கீழே பரப்ப வேண்டும். தண்ணீர் ஒரு குவளை கூடினால் அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும், குறைந்தால் வெள்ளை புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். மயில் நீலம் இருக்கிறதே, அது ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். ஒரு பிடியைக் காயவைத்துப் பார்த்த பிறகே மூட்டையில் கை வையுங்கள். இரண்டு பேர் இரண்டு நாள்: 480.

கோலம் போடுவது கடைகள் சாத்திய பிறகு. இரவு பத்து மணிக்கு உள்ளே விடுவார்கள், காலை ஒன்பதுக்குள் வெளியே வர வேண்டும். நாலு பேர், இரண்டு இரவு, ஆளுக்கு 150: ஆயிரத்து இருநூறு. வண்ணம், சாக்கட்டி, வேன் 200. வடிவம் போடவும் போய் அளவெடுக்கவும் உங்கள் இரண்டு நாள் 600. மொத்தம் 2,740. விழா முடிந்து அந்த நூறு கிலோவைக் கூட்டி அள்ளுவது யார் என்று இன்னும் பேசவே இல்லை. காசு 60 நாள் கழித்துத்தான் வரும் என்பதையும் சேர்த்தால் 3,300க்குக் குறைந்து வாயைத் திறக்காதீர்கள். பாதித் தொகை முன்பணமாகக் கைக்கு வந்த பிறகு அரிசி வாங்குங்கள்.

குளிர்சாதனக் காற்று எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அளவெடுக்கப் போகும் அன்றே மேலே அண்ணாந்து பாருங்கள். ஒரு தடவை நான் பார்க்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தாமரையின் இளஞ்சிவப்பு மெல்ல நகர்ந்து யானையின் தும்பிக்கையில் ஏறிக்கொண்டது. காவலுக்கு நின்ற நேப்பாளித் தம்பி ஓடிப்போய் எங்கிருந்தோ நாலு அட்டைப்பெட்டி கொண்டுவந்து மறைத்துப் பிடித்தான். கூலி வாங்காத ஐந்தாவது ஆள்.

விளம்பரம் பற்றிக் கேட்டீர்கள். கோலத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் போட்டவர் பெயரைத் தேடுவதில்லை. பெயர்ப்பலகை வைப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள், அது விலைக்கு மேலே, விலைக்குப் பதிலாக அல்ல.

வேலை முடிந்தும் காசு தராமல் இழுத்தடித்தால்? எனக்கு ஓர் இடத்தில் ஐந்து மாதம் இழுத்தார்கள். 5,000 வெள்ளி வரையிலான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, வைக்கவும் முடியாது. படிவம் 198ஐ நிரப்பி நாமே போடலாம். நான் அதை நிரப்பி, பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள் காசு வங்கியில் இருந்தது.

கேள்வி: ஓர் உணவகத்துச் சுவரில் 1,500 வெள்ளிக்கு ஓவியம் வரைந்து கொடுத்தேன். இப்போது அதே ஓவியத்தைக் காகிதப்பை, டி-சட்டை எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கிறார்கள். நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்?
– வாசகர், பட்டர்வொர்த்

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். நம் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்னால் அந்தப் படைப்பின் உரிமை அவருக்கே போனதாகக் கருதப்படும். இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால்தான் அது நம்மிடம் நிற்கும். எனக்கு இது தெரிந்தபோது வயது 38. அதற்குள் எத்தனை சுவரைத் தாரை வார்த்தேனோ!

உங்கள் பழைய செய்திகளைத் தோண்டிப் பாருங்கள். 'சுவருக்கு மட்டும்' என்று அவர்கள் எங்காவது எழுதியிருந்தால் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டலாம். இல்லாவிட்டால் நேரில் போய்ப் பேசுங்கள், அடுத்த பைக்குப் புதுப் படம் வரைந்து தருகிறேன் என்று விலை சொல்லுங்கள். சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. இனிமேல் விலை எழுதிக் கொடுக்கும் தாளில் ஒரு வரி சேருங்கள்: 'இந்த விலை சுவரில் வரைவதற்கு மட்டும். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வேறு பொருளில் அச்சடிக்கத் தனிக் கட்டணம்.' அதற்குக் கீழே அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்த வரியை மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிறேன்.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் சுற்றுப்பயணிகளுக்கு என்ன வரைந்தால் விற்கும்?
– வாசகி, ஜெலுத்தோங்

சைக்கிள் பிள்ளைகளை வரையாதீர்கள். 2012இல் எர்னஸ்ட் ஸாகரேவிச் என்ற ஓவியர் லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் வரைந்தது அது, அவருடையது. அதைப் பார்த்து வரைந்த சாவிக்கொத்தும் காந்தமும் ஏற்கெனவே தெருவெல்லாம் தொங்குகிறது. எனக்கு இன்றைக்கும் சோறு போடுவது பட்டர்வொர்த்துக்குப் போய்வந்த பழைய ஃபெரிதான். 2020 கடைசியோடு அந்தப் பழைய இரட்டைத்தட்டுப் படகுகள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. வாங்குகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, இங்கே படித்துவிட்டு வேலைக்குக் கோலாலம்பூர் போன நம் பிள்ளைகள். ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டெப்போ கலை வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒரு நாள் சும்மா போய் நின்று, யார் எதைக் கையில் எடுத்துவிட்டு விலை கேட்டதும் கீழே வைக்கிறார்கள் என்று பாருங்கள். எதைத் திரும்ப வைக்கிறார்களோ அதை அஞ்சலட்டை அளவில் போடுங்கள்.

கேள்வி: சகோதரி, என் மகள் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு ஓவியம் படிக்கப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
– ஒரு தாய், சுங்கை பட்டாணி

சிரிக்கிறவர்களுக்கு ஓவியர் சையத் தாஜுதீனைப் பற்றிச் சொல்லுங்கள். 1943இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவர் வரைந்த ராமாயணம் நம் நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மகளுக்கு மட்டும் இன்னொன்றையும் சொல்லுங்கள்: எல்லோரும் சையத் தாஜுதீன் ஆகிவிட மாட்டோம். நானும் ஆகவில்லை. பினாங்கு மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே கலைப்பள்ளி இருக்கிறது, விண்ணப்பிக்கட்டும். படிக்கும்போதே சனிக்கிழமைகளில் நாலு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிற வருமானம்தான் எங்களில் பலருக்கு வீட்டு வாடகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கோலம், சுவர், உருவப்படம் எல்லாம் அடுத்தவர் கேட்டு வரைவது. உங்களுக்காக எதையாவது வரைகிறீர்களா? இந்த வாழ்க்கையில் மனநிறைவு இருக்கிறதா?
– வாசகர், தைப்பிங்

கேட்டு வரைவது மட்டம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அப்பா எழுதிய 'மளிகை' என்ற சொல்லில் 'ளி'யின் சுழியைப் பார்க்கவே நான் பள்ளிக்கூடம் விட்டு அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். கடைக்காரர் கேட்டுத்தான் அவர் அதை எழுதினார்.

ஆனால் செவ்வாய்க்கிழமைக் காலை ஏழிலிருந்து பத்து வரை யாருக்கும் விற்பதில்லை. குதிரைக் காலண்டரில் அந்தக் கட்டத்தில் வட்டமே கிடையாது. ஒரு முக்காலியும் நோட்டும் எடுத்துக்கொண்டு லெபோ பசாரில் கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து, பூக்கடை அண்ணன் மாலை கட்டுவதை வரைகிறேன். ஒன்பது வருடத்தில் 16 நோட்டு. எல்லாம் அவர் கைதான். நாரை இடது கட்டைவிரலில் சுற்றி, நாலு மல்லிகையை எதிரும் புதிருமாக வைத்து, ஒரு சுண்டு. அந்தச் சுண்டுகிற நொடி தாளில் இன்னும் அகப்படவில்லை. விரல் ஒன்று அவசரப்படுகிறது, அல்லது பூ தூங்குகிறது.

போன செவ்வாய் நோட்டை வாங்கிப் பார்த்தார். "என்னம்மா, நம்ம நார் இவ்வளவு தொளதொளன்னா இருக்கும்? இப்படிக் கட்டுனா மாலை கோயில் வாசலுக்குப் போறதுக்குள்ள அவுந்துரும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அடுத்த தாளைத் திருப்பினேன். அவரும் அடுத்த மாலையை எடுத்தார்.